மெலிந்த கோழி

நவம்பர் 9, 2022. புதன்.

நான் பாடம் நடத்தும் பள்ளியை மூடி முப்பத்தெட்டாவது நாள். இன்றோடு எண்ணுவதை நிறுத்தலாம் என்று நினைத்தேன். எண்ணிவிட்டேன்.

பருத்தி பறித்தாகிவிட்டது. வீட்டுக்கு வீடு வெள்ளைக் குவியல். ஏற்றிக்கொண்டு போக லாரி வரவில்லை. டெடுகு நகரத்துக்குப் போகும் சாலையில் கண்ணிவெடி என்கிறார்கள். யெசுமா தினமும் குவியலைச் சுற்றிச் சுற்றி வருகிறான், கட்டிப்போட்ட கிடா மாதிரி. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அப்பா போனபின் வயல் அவன் பொறுப்பு.

காலையில் யேரோ, அதே நீலத் தலைப்பாகையோடு, பால் கொண்டுவந்தான். படலைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அடிமைகளே, எழுந்தாச்சா? இல்ல, நேத்து குடிச்ச சோளக்கள்ளு இன்னும் இறங்கலையா?"

அம்மா அடுப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "வந்துட்டான் பாரு, மாட்டுக்குப் பொறந்தவன். ஏன்டா, பொண்டாட்டி பேரு ஞாபகம் இருக்கா, இல்ல பசு பேரு மட்டும்தானா?"

"பசு பால் தருது. டிக்கோ வசவுதான் தர்றா."

பானையில் இருந்த தினைக் களியை விரலால் குத்திப் பார்த்தான். "இது திங்கறதுக்கா, சுவர் பூசறதுக்கா?" மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் ஃபுலானி, மேய்க்கிறவன். நாங்கள் புவா, உழுகிறவர்கள். இரண்டு இனத்துக்கும் நடுவில் கேலி முறை. யார் யாரை என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் அபராதம் ஒரு கோழி. எங்கள் பதினோரு மாடுகள் அப்பா காலத்திலிருந்து யேரோவின் மந்தையில் நிற்கின்றன. பால் அவனுக்கு, கன்று எங்களுக்கு. வருடத்துக்கு ஒரு காளை விற்றுத்தான் நான் பல்கலைக்கழகம் போனேன்.

போய் இந்தக் கேலி முறையைப் பற்றியே எழுபது பக்கம் எழுதினேன். தண்டனையே இல்லாத ஒரே பேச்சு இது என்று அதில் ஒரு வரி. பேராசிரியர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். இருபதுக்குப் பதினாறு.

நவம்பர் 10.

தொலைபேசிக் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். யார் என்று யாரும் பெயர் சொல்வதில்லை. காட்டுக்காரர்கள் என்போம். பள்ளிப் பதிவேடுகளை எரித்ததும் அவர்கள்தான்.

நவம்பர் 20. ஞாயிறு.

அப்பா இறந்து இரண்டு வருடம். பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம்.

அப்பாவைப் புதைத்த அன்றைக்குப் பெட்டியை இறக்கப் போகும்போது யேரோ குழிக்குள் குதித்தான். கைகளைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தான். "இந்த அடிமை என் சொத்து. என்னைக் கேக்காம யாருய்யா இவனைப் புதைக்கிறது? கோழி குடுங்க, எழுந்துக்கறேன்." அழுதுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கோழியைக் கொடுத்தார்கள். படுத்தபடியே அதன் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "இது கோழியா, வெட்டுக்கிளியா? பதினோரு மாடு வச்சிருந்த மனுசனுக்கு இவ்வளவுதான் மரியாதையா?" இரண்டாவது கோழி வந்தபின்தான் எழுந்தான். முதுகெல்லாம் சிவப்பு மண்.

பிறகு தானியக் குதிருக்குப் பின்னால் அவன் நின்று அழுததை நான் பார்த்தேன். அவனுக்குத் தெரியாது.

அந்தச் சிரிப்பு இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் மண்ணுக்குள் போனதில்லை. ஃபுலானி செத்தால் புவா போய்க் கலாட்டா செய்ய வேண்டும். புவா செத்தால் ஃபுலானி.

நவம்பர் 26.

மாட்டுச் சந்தை நின்றுவிட்டது. கானா வியாபாரிகள் இந்தப் பக்கமே வருவதில்லை. சிமியோனின் கறிக்கடையில் கொக்கிகள் வெறுமனே தொங்குகின்றன. ஒன்றில் யாரோ குடையை மாட்டிவைத்திருந்தார்கள்.

சிமியோனின் மூத்த மகன் போன மாதம் உப்பு ஏற்றிவந்த லாரியில் வந்துகொண்டிருந்தான். லாரியை வழியில் எரித்துவிட்டார்கள். உப்பு மட்டும் மிஞ்சியது, கறுத்துப்போய்.

டிசம்பர் 1.

ஊர்க்காவலுக்கு ஆள் எடுத்தார்கள். சிமியோன்தான் தலைவர். யெசுமாவும் சேர்ந்துவிட்டான். தொப்பியோடும் துப்பாக்கியோடும் வந்து நின்றான்.

அம்மா கேட்டாள்: "பருத்தி?"

"பருத்தியை யாரும்மா வாங்கறா? இதுக்கு மாசம் சம்பளம் தர்றாங்க."

அம்மா தொப்பியைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள். "வேற யாரோ போட்டிருந்தது" என்றாள். சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.

டிசம்பர் 8.

யேரோ இன்று வெறுங்கையோடு வந்தான். அடிமை என்று கூப்பிடவில்லை. கன்னத்தைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"பெலாஜி, உங்க மாட்டை நீங்க ஓட்டிட்டுப் போயிடுங்க."

"ஏன்?"

"காட்டுக்காரங்க வந்தாங்க. வரின்னு சொல்லி மூணு மாட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. என்னுதுதான், உங்களுது இல்ல. குடுத்தா உயிர். இந்தப் பக்கம் சிமியோன் ஆளுங்க கேக்கறாங்க — எல்லார் மந்தையும் போயிடுச்சு, உன்னுது மட்டும் எப்படி நிக்குதுன்னு. என்ன பதில் சொல்றது?"

நான் சிரித்துவிட்டேன். "எனக்கு வேலை செஞ்சு அலுத்துப் போச்சா? மேய்க்கத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயேன், சோம்பேறி."

அவனும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

"சரி, எஜமானி" என்று போய்விட்டான்.

பதினோரு மாட்டை எங்கே கட்டுவது? தீவனம்? யெசுமாவும் வீட்டில் இல்லை. இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம். கேலி சுலபமாக வந்தது.

டிசம்பர் 14. புதன். சந்தை நாள்.

ஊர் வாசலில் மரக்கட்டைத் தடுப்பு. நாற்பது பேர் வரிசை. எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி யேரோ, பக்கத்தில் டிக்கோ, தலையில் பால் குடுக்கை. சிமியோன் யேரோவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். முப்பது வருடமாக அவனிடம் மாடு வாங்கி அறுத்த மனிதர். யெசுமா கட்டைக்குப் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் ஒரு மாதிரி இறுகிப்போய்.

கத்தினேன்: "சிமியோன், என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? பிடிச்சுக் கட்டுங்க அவனை! காட்டுக்காரங்களுக்குத் தலைவனே இவன்தான். என் மாடு பதினொண்ணையும் அவங்களுக்கு விருந்து வச்சுட்டான்!"

யேரோ திரும்பினான். முகம் அப்படியே மலர்ந்தது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து.

"ஆமாம்யா, நான்தான் தலைவன்! முதல்ல இந்த டீச்சரைத்தான் தூக்கிட்டுப் போகப்போறேன். எங்க ஆளுங்களுக்குக் களி கிண்ட ஆள் வேணும். சுவர் இடிஞ்சா அதையே பூசிக்கலாம்."

டிக்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குடுக்கையில் பால் தளும்பி அவள் நெற்றியில் வழிந்தது. சிமியோன் அட்டையைக் கொடுத்து "போ" என்றார்.

அவ்வளவுதான். இறுக்கம் விட்டது. எழுபது பக்கத்தில் எழுதியதை இன்று பத்து நொடியில் செய்து காட்டினேன் — கொஞ்சம் பெருமைதான்.

வேறு யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. வெயில்.

டிசம்பர் 17.

யேரோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனோடு இன்னும் இரண்டு பேர், ஃபுலானிகள். காலையில், மாட்டை ஓட்டும் நேரத்தில். டிக்கோ வந்து சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ படிச்சவ. நீ சொன்னா கேப்பாங்க. போய்ச் சொல்லுடி."

நாளை போகிறேன் என்றேன். இன்று ஊரடங்கு. அவளுக்கும் தெரியும். ஆனாலும் நின்றுகொண்டே இருந்தாள்.

டிசம்பர் 18. ஞாயிறு.

பூசைக்குப் போகாமல் சிமியோனிடம் போனேன். மூடிய கறிக்கடையில், கறி வெட்டும் கட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"யேரோ எங்க?"

"விசாரிச்சு அனுப்புவோம்."

"என்ன விசாரணை? முப்பது வருசமா தெரிஞ்ச ஆளை?"

"பெலாஜி, நான் கறிக்கடைக்காரன். நீ நாலெழுத்துப் படிச்சவ. நாற்பது பேருக்கு முன்னாடி சொன்னது நீ. ஆமான்னு சொன்னது அவன்."

இரண்டு எட்டு முன்னால் வைத்தேன்.

"அது கேலி! முறை! உங்களுக்குத் தெரியாதா? உங்க அப்பா செத்தப்ப குழியில வந்து படுத்தது யாரு?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "இவன் அப்பன்."

"அப்புறம்?"

"என் மகன் செத்தப்ப யாரு வந்து படுத்தா? சொல்லு. அவனுக்குக் குழியே இல்லையே. அள்ளறதுக்கு என்ன இருந்துச்சு?"

அவர் குரல் உடைந்தது. ஆனாலும் கெஞ்சினேன். கோபம் வந்ததுக்கு அபராதம் கோழிதானே, என் கூண்டையே தூக்கிக்கிட்டு வர்றேன், நீங்க கேக்கற கோழியைக் குடுக்கறேன், அவனை விட்டுடுங்க — என்னென்னவோ உளறினேன்.

"வீட்டுக்குப் போம்மா" என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை. பரிவாகச் சொன்னார். அந்தப் பரிவுதான் எனக்குப் பயம்.

டிசம்பர் 19.

யெசுமா வந்தான். சாப்பிடவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போனதும் சொன்னான்.

"நான்தான் கட்டினேன், அக்கா."

"யாரை?"

"கையைக் கட்டுன்னாங்க. கட்டினேன். யேரோ திரும்பிப் பாத்து, டேய் அடிமை, கன்னுக்குட்டி கட்ற முடிச்சுகூட ஒழுங்கா போட வராதாடான்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவனும் சிரிச்சான். சரி, இது விளையாட்டாத்தான் முடியும்னு ரெண்டு பேருமே நெனச்சோம்."

"அப்புறம்?"

"முடிச்சைச் சரியா போட்டேன்."

டிசம்பர் 20.

ஆற்றங்கரையில் மூன்று பேர். மீனுக்குப் போன பெண்கள் பார்த்தார்கள். ஒருவன் தலையில் நீலத் தலைப்பாகை.

நீலம் எத்தனையோ பேர் கட்டுகிறார்கள்.

டிசம்பர் 21.

அவன்தான்.

ஃபுலானிகளே அவசரமாகப் புதைத்தார்களாம். ஒரு தொழுகை, மண், முடிந்தது. அதற்குப் பிறகு ஃபுலானித் தெரு முழுக்கக் கிளம்பிப் போய்விட்டது. டிக்கோ, மூன்று பிள்ளைகள், ஒரு பாய். நான் போனபோது அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது.

அவன் குழியில் இறங்கியிருக்க வேண்டியது எங்கள் இனம். ஒரு புவா போய், இந்த மாட்டுத் திருடனை நாங்கள்தான் புதைப்போம், கோழி எடு என்று கலாட்டா செய்திருக்க வேண்டும். ஊரில் இரண்டாயிரம் புவா. ஒருவர்கூடப் போகவில்லை. நான் போகவில்லை. எந்த வாயோடு போவது?

டிசம்பர் 24.

சிமியோன் கடையில் இன்று கறி. இரண்டு மாதத்தில் முதல் முறை. கிறிஸ்துமஸ் என்று கூட்டம். "காட்டுக்காரங்ககிட்ட இருந்து மீட்ட மந்தை" என்கிறார்கள்.

யெசுமா இலையில் சுற்றி ஒரு பங்கு கொண்டுவந்தான். அம்மா கடைக்குப் பின்னால் தோல்கள் காய்வதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "செவலை. நெத்தியில வெள்ளைச் சுட்டி" என்றாள். எங்களுடையது. அப்பா எனக்காக விற்காமல் வைத்திருந்தது.

சமைத்தாள். மூன்று தட்டில் வைத்தாள். மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜனவரி 3, 2023.

ஆய்வேட்டைத் திறந்தேன். சிவப்பு அடிக்கோடு. மூடினேன்.

அந்த வரி பொய்யா? எழுதும்போது பொய் இல்லை. எங்கள் கேலிக்குக் காவல் நின்றது இனமோ முன்னோரோ இல்லை. சுற்றி நின்று சிரிக்கும் மனிதர்கள்தான். அவர்கள் சிரிக்காவிட்டால் அது வெறும் வாக்குமூலம். அன்றைக்கு நாற்பது முகம் எனக்கு முன்னால் இருந்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. யேரோவையும் என்னையும் மட்டும் பார்த்தேன்.

எழுபது பக்கத்தில் இது எங்கேயும் இல்லை.

ஜனவரி 19.

பால் இல்லை. டப்பாப் பால் மாவு வருகிறது, எப்போதாவது. அறுத்த வயல்களில் தட்டை அப்படியே நிற்கிறது, மேய மாடு இல்லை. மாடு இல்லாமல் சாணி இல்லை. மழைக்கு முன்னால் நிலத்துக்கு என்ன போடுவது என்று ஆண்கள் மரத்தடியில் பேசுகிறார்கள். அந்தத் தெருவின் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 28.

காட்டுக்காரர்கள் பருத்திக்குத் தீ வைத்துவிட்டார்கள். எல்லாக் குவியலுக்கும். பருத்தி சத்தமே இல்லாமல் எரிகிறது.

பிப்ரவரி 6.

தடுப்பைத் தாக்கினார்கள். சிமியோன். இன்னும் நாலு பேர்.

யெசுமா.

பிப்ரவரி 7.

பெட்டி இல்லை. பாயில் சுற்றினோம். குழி தயார். பாதிரியார் ஜபம் முடித்தார். தூக்கி இறக்க வேண்டியதுதான்.

யாரும் அசையவில்லை.

எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெறும் சாலை, புழுதி. குழி காலியாக, சுத்தமாக இருந்தது. அம்மாவின் கையில் ஒரு கோழி. எப்போது பிடித்தாள், எதற்குக் கொண்டுவந்தாள் — கேட்கவில்லை. அது அவள் கையில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் பாதிரியார்தான் "இறக்குங்கள்" என்றார்.

யாரும் சிரிக்காமல் என் தம்பி உள்ளே போனான். திரும்பும் வழியில் அம்மா கோழியை அவிழ்த்து விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 15.

டெடுகு. ராணுவ வண்டிகளோடு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மூலை கிடைத்தது. மறுபடியும் பள்ளிக்கூடம்.

மார்ச் 21. செவ்வாய்.

டிக்கோவைப் பார்த்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அதே குடுக்கை. டப்பா மாவைத் தண்ணீரில் கலக்கிப் பால் என்று விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பசுகூட இல்லாமல் ஒரு ஃபுலானிப் பெண்! எங்களுக்குள் இதைவிடப் பெரிய கேலிப் பொருள் கிடைக்காது. பழைய காலமாக இருந்தால் ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வந்துவிட்டேன். சாக்கடை ஓரம் உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மார்ச் 22.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை. "கோழி வாங்கிட்டுப் போ" என்றாள்.

மார்ச் 24.

சந்தையில் கோழிக்காரன் நல்லதாக எடுத்துக் காட்டினான். வேண்டாம் என்றேன். கூடை கூடையாகத் தேடி, இருந்ததிலேயே மெலிந்ததை எடுத்தேன். ஒற்றை இறகு தொங்கும் கழுத்து, குச்சிக் கால். "இதுவா? இதுல என்னக்கா இருக்கு, வெறும் சத்தம்தான்" என்று அவன் சிரித்தான். அதுதான் எனக்கு வேண்டும் என்றேன்.

வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். இது கோழியா, வெட்டுக்கிளியா? — என்பாள். அடி கஞ்சப்பிசினாரி, என் புருசன் உயிருக்கு இவ்வளவுதானா? — என்பாள். மூஞ்சியில் விட்டெறிவாள். துப்புவாள். எது செய்தாலும் சரி. இரண்டாவது கோழி கேட்டால் இரண்டாவது. கூடையோடு கேட்டால் கூடையோடு.

அவள் முன்னால் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். மெலிந்திருந்தாள். சின்னவன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கோழியை நீட்டினேன். அது அவள் முகத்துக்கு நேராகக் கத்தியது.

அவள் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. கால் பிடித்து எடை பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, துணி முனையால் அதன் காலைக் கட்டி, பக்கத்தில் மெதுவாக வைத்தாள்.

"நல்ல கோழி" என்றாள். "ரொம்ப நன்றி, டீச்சரம்மா."